தாயக்கட்டையும் கணினியும்

சூதின் தீமையை உணர்த்துதற்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கினார். தருமன் நாட்டை இழந்ததும் நளன் காட்டை அடைந்ததும் கவற்றினாலேயாம். ஆயினும், நளன் கதையிலே கருதற்பாலதாய மற்றுமொரு செய்தி உண்டு. நளனைத் தேர்ப்பாகனாகக் கொண்டு விரைந்து சென்ற அயோத்தி வேந்தன் இருதுபன்னன், வழியில் நின்ற தான்றிமரம் ஒன்றின் காய்கள் இத்துணை என்று பார்த்தமாத்திரத்தே கூறினான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்தான், தொகை பிழைக்கவில்லை. பின்னர்த் தன் குதிரை நூலறிவை அவனுக்கு ஈந்து, அவனிடமிருந்த கவற்று நூலறிவை நளன் பெற்றுக்கொண்டான். பண்டைப் பாரத நாட்டிலே கவறாக உருட்டப்பட்டவை தான்றிக்காய்களே என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. கவற்றின் கணக்கை அறியாத நளன் அதற்கு அடிமையானான். அறிந்த நளன் இழந்த நாட்டை மீட்டான்.

அக்கணக்கு இக்காலத்திலே நிகழ்தகவு என்னும் பெயரால் பாடசாலைகளிற் கற்பிக்கப்படுகின்றது. சூத்திரங்களை மனனஞ்செய்து விடை எழுதும் மாணவர் பலர். அவை மெய்யென்று கண்ணாற் கண்டு தெளிந்தவர் சிலரே. அக்குறையை நீக்க இன்று ஒரு வழி உண்டு. கட்டையைக் கையால் எறியாது, எறிந்தாற்போலக் கணினியைச் செய்வித்து, பல்லாயிரம் எறிகளின் விளைவைச் சில நொடிகளிற் காணலாம். இதற்குப் போலச்செய்தல் என்று பெயர். இதற்கு ஏற்ற கருவிகளுள் ஒன்று ‘ஆர்’ என்னும் கணினி மொழி. அதன் பயன் யாது, எல்லை யாது என்பதை ஒரு கரையூரின் கண்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாயத்தின் கணக்கு

மன்னார் மாவட்டத்தின் மாந்தை மேற்குப் பிரிவிலே, பெருநிலப்பரப்பின் கரையில் அமைந்தது விடத்தல்தீவு. பெயரிலே தீவு என்னும் சொல் நிற்பினும் அது தீவன்று. ஒருபால் கண்டற்காடும் சேற்றுநிலமும், மறுபால் பாக்கு விரிகுடாவின் ஆழமற்ற நீரும் சூழ்ந்த அவ்வூரின் முதன்மைத் தொழில் மீன்பிடித்தலே. காற்று மிகுந்து வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் நாள்களிலே இத்தகைய ஊர்களிற் பொழுது போக்க உதவும் ஆட்டங்களுள் ஒன்று தாயம்.

இலங்கைக் கணித நூல்களில் தாயக்கட்டை எனப்படுவது ஆறு முகங்களையுடைய சதுரமுகி. வீட்டுத் திண்ணைகளில் உருளும் தாயக்கட்டையோ பெரும்பாலும் நீண்டது. நான்கு பக்கங்களே உடையது. ஒரு பக்கம் வெறுமையாய் இருக்க, ஏனைய மூன்று பக்கங்களிலும் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் இருக்கும். இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டிப் புள்ளிகளைக் கூட்டுவர். இரண்டும் வெறுமையாயின் பன்னிரண்டு எனக் கொள்வர். கூட்டுத்தொகை ஒன்றாயின் அதுவே தாயம். இடத்துக்கு இடம் விதிகள் சிறிது வேறுபடினும், தாயம் விழுந்தாலன்றிக் காய் கட்டத்துள் இறங்காது என்பது பொதுவிதி.

இதன் கணக்கு எளிது. ஒரு கட்டை விழும் வகை 4. இரு கட்டைகள் சேர்ந்து விழும் வகை 16. இவற்றுள் பன்னிரண்டு ஒரு வகையாலும், ஒன்று இரு வகையாலும், இரண்டு மூன்று வகையாலும், மூன்று நான்கு வகையாலும், நான்கு மூன்று வகையாலும், ஐந்து இரு வகையாலும், ஆறு ஒரு வகையாலும் வரும். கட்டைகள் கோடாதவையாயின், தாயம் விழும் நிகழ்தகவு 16இல் 2. அஃதாவது 8இல் 1.

இனி, எட்டு முறை உருட்டினால் ஒரு முறையாவது தாயம் விழுந்தே தீரும் என்று எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் தவறு. ஒரு முறை தாயம் விழாமைக்கு நிகழ்தகவு 8இல் 7. அதனை எட்டு முறை தன்னாற் பெருக்கினால் 0.34 வரும். ஆகவே எட்டு முறை உருட்டியும் தாயம் காணாதவர் மூவருள் ஒருவர் இருப்பர். இருபது முறை உருட்டியும் காணாதவர் நூற்றுவருள் எழுவர் இருப்பர். அவ்வெழுவரும் தம் தீயூழை நொந்துகொள்வர். தெய்வக் குற்றமோ என்றும் ஐயுறுவர். உண்மையில், ஆடுவோர் பலராயின் அத்தகையோர் சிலர் இருந்தே ஆகவேண்டும் என்பதே கணக்கு.

ஆர் மொழியும் அதன் கட்டளையும்

ஆர் மொழியை ஆக்கியோர் நியூசிலாந்து நாட்டின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொஸ் இஹாகா, றொபேட் ஜென்ரில்மன் என்னும் இருவர். இருவர் பெயர்க்கும் முதலெழுத்து ஒன்றாக இருந்தமையும், அதற்கு முன்னர் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ‘எஸ்’ என ஒரு மொழி தோன்றியிருந்தமையும் இவ்வோரெழுத்துப் பெயர்க்குக் காரணமாயின. 1995ஆம் ஆண்டு முதல் இது யாவர்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. முதலாம் முழுப்பதிப்பு 2000ஆம் ஆண்டிலே வெளிவந்தது. பொருள்வளங் குறைந்த பாடசாலைக்கும் பெரும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே கருவி ஒரே விலையின்றிக் கிடைப்பது கல்வியுலகில் அரியதொரு நலன்.

சதுரமுகித் தாயக்கட்டையை அறுபது முறை எறியுமாறு அம்மொழியில் ஏவுதற்கு ஒரு வரியே போதும். கணினியில் ஆங்கில எழுத்துக்களால் எழுதவேண்டிய அவ்வரி, தமிழில் ஒலிபெயர்ப்பின், ‘சாம்பிள் (1:6, 60, ரிப்பிளேஸ் = ட்ரூ)’ என அமையும். ‘சாம்பிள்’ என்பது மாதிரி எடு என்னும் ஏவல். ‘1:6’ என்பது ஒன்று முதல் ஆறு வரையுள்ள எண்களைக் குறிக்கும். அடுத்துள்ள 60 என்பது எறிகளின் தொகை. இறுதியில் உள்ளதே நுணுகி நோக்கவேண்டியது. ‘ரிப்பிளேஸ் = ட்ரூ’ என்பதன் பொருள், எடுத்த எண்ணை மீண்டும் பையில் இட்டுவிட்டே அடுத்ததை எடுக்க என்பதாம்.

இதனை எழுத மறந்தால் நிகழ்வது யாது? அறுபது எண்களைத் தருதல் இயலாது என்று கணினி மறுத்துவிடும். ஆறு சீட்டுக்கள் உள்ள பையிலிருந்து, எடுத்ததை மீள இடாமல், அறுபது சீட்டுக்களை எவ்வாறு எடுப்பது? ஆறே எடுக்கலாம், பின்னர்ப் பை வெறுமையாகும். தாயக்கட்டையோ அத்தகையதன்று. ஆறு விழுந்த பின்னரும் அக்கட்டையில் ஆறு இருக்கின்றது. முன் விழுந்தது யாது என்பதைக் கட்டை அறியாது. அதற்கு நினைவு இல்லை. இச்சிறு வேறுபாட்டிலேயே இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கும்.

எறிந்த எண்களை வகைப்படுத்தி எண்ணுதற்கு ‘டேபிள்’ என்னும் ஏவலும், சராசரி காணுதற்கு ‘மீன்’ என்னும் ஏவலும் உள்ளன. பின்னையது ஆங்கிலச் சொல்லாயினும், கரையூர்ப் பிள்ளைகள் அதனை மறக்கமாட்டார். ஒரு செயலை ஆயிரம் முறை திரும்பச் செய்வித்தற்கு ‘ரெப்பிளிக்கேட்’ என்பது உதவும். இவற்றைக் கொண்டு நீண்ட தாயக்கட்டைகளையும் உருட்டலாம். பூச்சியம் முதல் மூன்று வரையுள்ள எண்களிலிருந்து இரண்டை, மீள இட்டு, எடுத்துக் கூட்டி, விடை பூச்சியமாயின் பன்னிரண்டு எனக் கொள்ளுமாறு எழுதின் அதுவே தாயம்.

நெடுங்கால நியதி

கோடாத சதுரமுகியை 60 முறை எறிந்தால் ஆறு என்னும் முகம் 10 முறை வருமென எதிர்பார்க்கலாம். ஆயின் சரியாகப் பத்தே வருதல் எப்பொழுதும் நிகழாது; 7 முதல் 13 வரை வருதல் இயல்பு. 6000 முறை எறியின் எதிர்பார்ப்பது 1000. மும்முறை செய்தால் ஏறக்குறைய இருமுறை, விடை 971க்கும் 1029க்கும் இடையில் நிற்கும். 6 இலட்சம் முறை எறியின் எதிர்பார்ப்பது 1 இலட்சம். விலகல் 290 அளவில் அமைவது வழக்கம்.

இங்கு ஒரு வியப்பு உண்டு. எறிகள் பெருகப் பெருக விலகலின் தொகை குறையவில்லை. 3, 29, 290 எனக் கூடுகின்றது. குறைவது விகிதமே. ஆறு வரும் எதிர்பார்ப்போடு ஒப்பிடுமிடத்து, விலகல் முதலில் நூற்றுக்கு 29 ஆகவும், பின்னர் 3 ஆகவும், பின்னர் ஒன்றின் பத்தில் மூன்று பங்காகவும் சுருங்குகின்றது. எறிகளை நூறு மடங்கு பெருக்கினால் நுட்பம் பத்து மடங்கே கூடும். இதுவே வர்க்கமூல விதி. பெருந்தொகையிலே விகிதம் நிலைபெறும் என்பதை யாக்கோப் பேணூலி நிறுவிய நூல், அவர் இறந்தபின் 1713இலே வெளிவந்தது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை மிக இன்றியமையாதது. இருபது முறை வராத தாயம் இருபத்தோராம் முறை வரக் கடமைப்பட்டதன்று. முன்னைய குறையை நிரப்புதற்கு இயற்கை முயலுவதில்லை. பின்வரும் எறிகளின் பெருக்கத்திலே அக்குறை கரைந்துபோகின்றது, அவ்வளவே. ஐயமுடையவர் இதனையும் ஆர் மொழியாற் சோதிக்கலாம். இருபத்தொரு எறிகள் கொண்ட வரிசைகளை ஓர் இலட்சம் ஆக்கி, முதல் இருபதிலும் தாயம் வராத வரிசைகளை மட்டும் தெரிந்தெடுக்க. அவை ஏறக்குறைய 7000 இருக்கும். அவற்றின் இருபத்தோராம் எறியை நோக்கின், எட்டில் ஒரு பங்கிலேயே தாயம் இருக்கும். கூடவும் இராது, குறையவும் இராது. பலமுறை விழாத அதிட்டச்சீட்டு இனி விழுமென்று நாட்கூலியை அதில் இடுபவர்க்கு இச்சோதனையினும் சிறந்த அறிவுரை இல்லை.

பொறியின் கட்டையும் கையின் கட்டையும்

கணினி கட்டளைக்கு அடங்கிய பொறி. அஃது எழுமாறாக ஓர் எண்ணைத் தருவது எங்ஙனம் என்னும் வினா எழும். உண்மையில் அது தருவன எழுமாற்று எண்கள் போலத் தோன்றும் எண்களே. மற்சுமோற்றோ, நிஷிமுரா என்னும் யப்பானிய அறிஞர் இருவர் 1998இல் வெளியிட்ட ‘மேர்சென் ருவிஸ்ரர்’ என்னும் முறையை ஆர் மொழி வழக்கமாகக் கையாளுகின்றது. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணை நியதிப்படி பிறப்பிக்கும் அம்முறையிலே வரிசை திரும்பத் தொடங்குதற்கு முன் தோன்றும் எண்களின் தொகையை எழுத 6002 இலக்கங்கள் வேண்டும். ‘செட் சீட்’ என்னும் ஏவலால் வித்தெண் ஒன்றைக் கொடுத்துத் தொடங்கின், அதே பதிப்பும் அமைப்பும் உள்ள எக்கணினியிலும் அதே வரிசை வரும். மன்னாரில் ஒரு மாணவன் பெற்ற விடையை மதுரையில் ஒருவர் சரிபார்க்கலாம். கையால் எறிந்த கட்டைக்கு இவ்வசதி இல்லை. மாதிரி எடுக்கும் முறையிலே மிகப் பெருந்தொகைகளிற் புலப்படக்கூடிய ஒரு நுண்ணிய கோட்டத்தை 2019இல் வந்த 3.6.0 என்னும் பதிப்பிலே திருத்தினர் என்பதும் அறியத்தக்கது. பொறியும் சோதனைக்கு அப்பாற்பட்டதன்று.

ஆயினும், பொறியின் கட்டையில் வேறொரு குறை உண்டு. அது நாம் கூறியதையே திரும்பக் கூறும். முகங்கள் ஆறும் சமம் என்று கூறினால் சமமாகவே எறியும். கையிலுள்ள கட்டை அத்தகையதா? இங்கிலாந்திலே வெல்டன் என்னும் அறிஞர் 1894இலே பன்னிரண்டு தாயக்கட்டைகளைச் சேர்த்து எறிந்த 26,306 எறிகளின் விளைவைத் தந்தார். மொத்தம் 3,15,672 முகங்கள். ஐந்தும் ஆறும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்காக 1,05,224 வரவேண்டும், வந்தவையோ 1,06,602. வேறுபாடு 1378. இத்துணை எறிகளில் இயல்பாக அமையும் விலகல் 265 அளவே. ஐந்து மடங்குக்கு மேற்பட்ட இவ்விலகலைத் தற்செயல் என்று தள்ளல் இயலாது. புள்ளிக்குழிகள் மிகுதியாகத் தோண்டப்பட்ட முகங்கள் எடைகுறைந்து மேனோக்கி விழுந்தன என்று காரணம் கூறுவர். கார்ல் பியர்சன் 1900இலே தம் புகழ்பெற்ற சோதனையை விளக்குமிடத்து இத்தரவுகளையே எடுத்தாண்டார்.

இவ்வுண்மையைக் கரையூர்ச் சிறுவரும் காணலாம். கட்டை இல்லாதவிடத்துத் தாயம் ஆடுதற்குச் சோகிகளை எறிவர். சோகியின் முதுகு குவிந்தது, வாய்ப்பக்கம் தட்டையானது. அது வாய் மேலாக விழும் நிகழ்தகவு பாதியா, அதனினும் கூடியதா? எச்சூத்திரமும் இதற்கு விடை கூறாது. ஆர் மொழியிலே ‘புரொப்’ என்னும் இடத்தில் அந்நிகழ்தகவை நிரப்புக என்று இடம் விடப்பட்டிருக்கின்றது, நிரப்பவேண்டியவர் மனிதரே. சோகியை 1000 முறை கையால் எறிந்து குறித்தால், நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவான பிழையோடு அதனை அறியலாம். அதன் பின்னரே பொறி இலட்சம் முறை எறிந்து தருவது பொருளுடையதாகும். கையால் எறிதலும் பொறியால் எறிதலும் ஒன்றற்கொன்று பகையல்ல. முன்னது உலகை அறிவது, பின்னது அறிந்ததன் விளைவைக் காண்பது.

மீள இடாத கடல்

இனி, கட்டையை விட்டுக் கடலை நோக்குதல் தகும். மாதிரி எடுத்து மதிப்பிடுதல் மன்னார்க் கடலுக்குப் புதியதன்று. விடத்தல்தீவுக்குத் தெற்கே, மன்னார்த் தீவையுங் கடந்து, அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரேயுள்ள முத்துப்பார்களிலே சலாபம் நடத்துதற்கு முன்னர், பிரித்தானிய அரசினர் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுப்பித்து, அவற்றின் முத்துக்களை வல்லுநரைக் கொண்டு விலைமதித்தனர். சலாபத்திலே திறவாத சிப்பிகளை ஆயிரக்கணக்கில் ஏலத்தில் வாங்கிய வணிகர்க்கு அம்மதிப்பு வழிகாட்டியாயிற்று. ஒரு சிப்பியில் முத்து உண்டா இல்லையா என்று கூறல் எவர்க்கும் அரிது. பல்லாயிரம் சிப்பிகளின் சராசரி விலையைக் கூறலோ இயலும். பேணூலியின் நியதி கடலடியிலும் செல்லும் என்பதற்கு இது சான்று.

ஆயின் அம்மாதிரி உரைத்தது அன்றைய பாரின் நிலையை மட்டுமே. 1892 முதல் 1902 வரை இலங்கைக் கரையிற் சலாபம் நடைபெறவில்லை. 1903இல் மீண்டும் தொடங்கி ஆண்டுதோறும் நடைபெற்றது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தால் அரசினர்க்குக் கிடைத்த வருவாய் 25 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்டது. அவ்வளத்தைக் கண்டு, 1906இலே ஒரு கம்பனியார் ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபாவாக இருபது ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்குக் கொண்டனர். 1907க்குப் பின்னர்ப் பார்கள் நெடுங்காலம் பயன்தரவில்லை. கம்பனியும் நிலைக்கவில்லை.

நல்ல எறிகள் சில தொடர்ந்து விழுந்தமையால் இனியும் அவ்வாறே விழும் என்று எண்ணியது முதற் பிழை. கடலைத் தாயக்கட்டையாக எண்ணியது அதனினும் பெரும் பிழை. கட்டையில் விழுந்த ஆறு கட்டையிலேயே இருக்கும். அள்ளிய சிப்பி மீளாது. மணல் பெயர்தலும், நீரோட்டம் மாறுதலும், சிப்பியைத் தின்னும் மீன்களும் பார்களின் அழிவுக்குக் காரணங்களாகக் கூறப்படினும், அள்ளியதன் பங்கு மறுக்கற்பாலதன்று. ‘ரிப்பிளேஸ் = ட்ரூ’ என்பதைத் தாயத்துக்கு எழுதலாம்; கடலுக்கு எழுதலாகாது. கடலுக்கு நினைவு உண்டு. இன்று எடுத்தது எவ்வளவு என்பதை நாளைய வலை உரைக்கும்.

இவ்வேறுபாடு விடத்தல்தீவுக்கும் நேரே உரியது. தாயமாடுவோன் இருபது எறிகள் பொய்த்தபின்னும் நாணமின்றி இருபத்தோராவதை எறியலாம். எட்டில் ஒன்று அவனுக்கு எப்பொழுதும் உண்டு. வலை தொடர்ந்து பொய்த்தபின்னும் இன்று படும் என்று நகையை அடகுவைத்து எண்ணெய் வாங்குபவனுக்கு அவ்வுறுதி இல்லை. மீன் குஞ்சுகள் வளரும் கண்டற்காடுகளையும் கடற்புற்படுகைகளையும் கொண்ட விடத்தல்தீவுப் பகுதி 2016இலே இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. பையிலிருந்து எடுத்ததை மனிதர் மீள இடாதவிடத்து, மீள இடுவது அக்கண்டல்களே. அவற்றைக் காப்பது கணக்கின்படியும் அறமாகும்.

நளன் இருதுபன்னனிடம் கற்றது ஒரு மந்திரமன்று, எண்ணும் முறையேயாம். இருதுபன்னன் கூறியதை அவன் அவ்வாறே நம்பவுமில்லை. தேரைவிட்டு இறங்கி எண்ணிப் பார்த்தான். இன்று கணினியின் முன் அமரும் மாணவனும் அவ்விரண்டையும் செய்தல் வேண்டும். பொறியைக் கொண்டு இலட்சம் முறை எறிந்து நிகழ்தகவைத் தெளிக. பின்னர் வெளியே இறங்கிச் சோகியைக் கையால் எறிந்து பார்க்க. எது மீண்டும் பையில் வீழ்வது, எது மீளாதது என்பதை ஒவ்வொரு கணக்கின் தொடக்கத்திலும் வினவுக. அவ்வினாவை மறவாதவன் சூதுக்கு அடிமையாகான்; கடலையும் வெறுமையாக்கான்.